எலும்பு தெரிந்தால்தான் சரி: மீட்கப்பட்ட சிப்பிப்பாறை நாயைத் தத்தெடுத்து வளர்ப்பது எப்படி?

எங்கள் தெருவில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: நாய்க்குச் சோறு போடாதவள். எதிர் வீட்டு அத்தாச்சி வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். "ஏத்தா, அந்த வாயில்லா ஜீவனுக்கு ரெண்டு உருண்டை கூடப் போட்டா குறைஞ்சா போயிருவ? விலா எலும்பை எண்ணிரலாம் போலிருக்கே!" மயிலிக்கு இப்போது 17.5 கிலோ. இதற்கு மேல் ஏற்றாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை அத்தாச்சியிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

மதுரையில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைப்பது என் தொழில். விருதுநகர் போகும் நான்கு வழிச்சாலையில் ஒரு பாலத்தடியில் கிடந்த சிப்பிப்பாறைப் பெட்டை நாய் நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மீட்பு முகாம் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது. கழுத்தில் கயிறு அறுத்த தழும்பு, உடம்பெல்லாம் உண்ணி, எடை 13 கிலோ. பல்லைப் பார்த்து மூன்று வயதிருக்கலாம் என்றார் மருத்துவர். மயிலை நிறம் என்பதால் மயிலி. அவளை வைத்து நான் கற்றதையும், தப்பாகச் செய்து கற்றதையும் எழுதுகிறேன். இந்த வகை நாயை மீட்பு முகாமிலிருந்து எடுக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில், இந்த நாய் எதற்காக உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாக்கி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். அந்தக் கரிசல் பக்கத்தில், வெட்ட வெளியில், முயல் பிடிக்கப் பழக்கிய நாய் இது. மோப்பம் பிடித்துத் தேடிப் போகிற ரகம் அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்துகிற ரகம். நீண்ட கழுத்து, கூர்மூஞ்சி, ஆழமான நெஞ்சுக்கூடு, ஒட்டிய வயிறு எல்லாம் அந்த ஓட்டத்துக்காக. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பிவிடும்: கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கும்போது ஒரு தடவை, முன்னும் பின்னும் நீளும்போது ஒரு தடவை. மைதானத்தில் மயிலி ஓடுவதை என் மகன் போனில் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான். அதைப் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். ஆக, நாய்க்கு வேலை போய்விட்டது. வேலைக்கான உடம்பும் புத்தியும் அப்படியே இருக்கின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்று பெரிய ஆர்வம் எழுந்தது. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெருமைக்கு வாங்கிய குட்டி ஒரு வருடத்தில் மதில் தாண்டுகிறது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, எவ்வளவு போட்டாலும் உடம்பு ஏறுவதில்லை. ஒரு நாள் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்காவது இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த மூன்று புகாரும் அதன் பிழையே இல்லை. மூன்றும் அதன் தொழில். இது மனசில் ஏறாவிட்டால் இந்த நாயை எடுக்காதீர்கள்.

எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியதில் முதலாவது மதில் சுவர். ஐந்தடி போதாது. ஆறடியாவது வேண்டும், அதை ஒட்டித் துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, விறகு எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மதில் ஐந்தரை அடி, அதன் பக்கத்திலேயே துவைகல். மயிலி வந்த நாலாம் நாள் அந்தக் கல்லில் கால் வைத்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நல்லவேளை, அது அடைத்த கொல்லை. இரண்டாவது, பக்கத்து வீடுகள். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி சுற்றித் திரிகிற இடமென்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். நாங்கள் யோசிக்கவில்லை. ஆறாவது மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வெடைக்கோழி போயிற்று. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, கோழிக்கான காசும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்காரம்மா இன்றைக்கும் என்னிடம் துணி தைக்கக் கொடுப்பதில்லை.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிவராது. சந்தேகப்பட்டால் குரைக்கும், அவ்வளவுதான். ஒரு ஆளிடம் ஒட்டிக்கொண்டால் அந்த ஆளோடு சரி. மற்றவர்களிடம் ஒதுங்கியே இருக்கும். ராத்திரி பகலாகச் சங்கிலியில் கட்டிப்போட்டால் இரண்டே மாதத்தில் கடிக்கிற நாயாகவோ, மூலையில் சுருண்டு கிடக்கிற நாயாகவோ ஆகிவிடும்.

முகாமுக்கு ஒரு முறை போய் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நான் மூன்று முறை போனேன். கேட்க வேண்டியவை: வெறிநாய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும் எந்தத் தேதியில் போட்டார்கள், கருத்தடை ஆகிவிட்டதா, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தார்களா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, எதற்குப் பயப்படுகிறது. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் யாரும் கேட்பதில்லை. எனக்கு அங்கிருந்த தம்பி தானாகவே சொன்னான்: "அக்கா, கையில கம்பு எதுவும் வெச்சுக்கிட்டு இதுகிட்டப் போயிராதீங்க." நான் விளக்குமாற்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் நாள் காலையில் வாசல் பெருக்க விளக்குமாற்றை எடுத்தேன்; நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு வருடம் அவள் கொல்லைக்குப் போன நேரம் பார்த்துத்தான் வீடு பெருக்கினேன்.

சுத்த ஜாதியா என்று கேட்டு நிற்காதீர்கள். மீட்ட நாய்க்குப் பத்திரம் கிடையாது. கருப்பு உடம்பில் கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி, மற்ற நிறமெல்லாம் சிப்பிப்பாறை, இனம் ஒன்றுதான் என்று ஒரு கட்சி; இரண்டும் வேறு வேறு இனம் என்று இன்னொரு கட்சி. அந்தச் சண்டை டீக்கடையில் நடக்கட்டும். இரண்டுக்கும் வளர்ப்பு முறை ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் எதுவும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. குளிப்பாட்ட வேண்டாம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். கட்டிப்பிடிக்க வேண்டாம், குனிந்து முகத்துக்கு நேரே முகம் வைக்க வேண்டாம். ஒரு மூலையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, பக்கத்தில் தண்ணீர் வைத்து, அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மயிலி தானாகத் தேர்ந்தெடுத்த மூலை என்னுடைய கட்டிங் மேசைக்கு அடியில். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு முதல் இரண்டு நாள் நடுங்கினாள். மூன்றாம் நாள் அந்தச் சத்தத்திலேயே தூங்க ஆரம்பித்தாள். பத்தாம் நாள் வாக்கில், தைத்துக்கொண்டிருந்த என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தாள். ஒரு மணி நேரம் பெடலை மிதிக்கவில்லை. அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கை மறுநாள்தான் போயிற்று.

இப்போது கழுத்துப்பட்டை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாய் தொலைவது பெரும்பாலும் இதனால்தான். மற்ற நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை நன்றாக அகலம். இந்த நாய்களுக்கு அப்படி இல்லை. இஞ்சி டேப்பால் அளந்தேன்: காதுக்குப் பின்னால் கழுத்து 13 அங்குலம், தலையின் அகலமான இடம் 13.5. அரை அங்குலம்தான் வித்தியாசம். கடைப் பட்டையைப் போட்டுவிட்டு, அவள் பயந்து பின்பக்கமாக இழுத்தால் பட்டை கையில், நாய் தெருவில். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டார்கள், அப்படியேதான் ஆனது.

ஆறு பேர் சேர்ந்து துரத்தினோம். துரத்தத் துரத்தத் தூரமாகப் போனாள். இரண்டு நாள் தூக்கமில்லை. முகாமிலிருந்த தம்பிக்குப் போன் செய்தால் திட்டாத குறைதான். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அவ படுக்குற போர்வையை எடுத்துக்கிட்டு நீங்க மட்டும் விடியக்காலம் போங்கக்கா. பேரு சொல்லிக் கத்தாதீங்க, அவளைப் பாக்கவும் பாக்காதீங்க." பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் அவளைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காலை நாலே முக்காலுக்கு அங்கே தரையில் போர்வையை விரித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேகவைத்த ஈரலைச் சுற்றிலும் போட்டுவிட்டு, நான் ஏதோ தின்பது போல வாயை அசைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து முழங்கையில் ஒரு ஈர மூக்கு பட்டது. சட்டென்று கழுத்தைப் பிடித்துவிடாதீர்கள். ஈரலைத் தின்னவிட்டு, நெஞ்சுப் பக்கமாகக் கை கொடுத்து, மெதுவாகப் பட்டையை மாட்டுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே நானாக ஒரு பட்டை தைத்தேன். செய்முறை இதுதான். இரண்டு அங்குல அகலத்தில் கெட்டியான பருத்தி நாடா. குறுகலான பட்டை இந்த மெல்லிய கழுத்தை அறுத்துவிடும். கழுத்தளவில் மூன்று அங்குலம் குறைத்து ஒரு துண்டு, தையலுக்கு இரு முனையிலும் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். உள்பக்கம் ஃபிளானல் துணி வைத்துத் தைத்து, இரு முனைகளிலும் ஆளுக்கொரு உலோக வளையம். இன்னொரு சிறிய துண்டை, ஏழெட்டு அங்குலம், இரண்டு வளையங்களுக்குள்ளும் நுழைத்து வட்டமாக மூடி, அதில் கயிறு மாட்டுவதற்கு ஒரு வளையம். சாதாரணமாகத் தளர்வாகத் தொங்கும். நாய் இழுத்தால் சிறிய வட்டம் பெரிய வட்டத்தை இறுக்கும், கழுத்தளவுக்கு மேல் இறுக்காது. இழுத்துப் பாருங்கள்: இரண்டு வளையங்களுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். வளையங்கள் முட்டிக்கொண்டால் பட்டை பெரிது, நாய் கழன்றுவிடும். வளையத்தைப் பிடிக்கிற இடத்தில் நைலான் நூலால் சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு தையல் போடுங்கள். வீட்டுக்குள் இதைக் கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டினால் இறுக்கிவிடும். உங்கள் போன் எண் எழுதிய சாதாரணப் பட்டை ஒன்று எப்போதும் கழுத்தில் கிடக்கட்டும்.

ஓட்டம் அடுத்தது. காலை ஐந்தரைக்கும் ராத்திரி ஏழுக்கு மேலும் கயிற்றோடு நடை. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. இதற்கு மேல், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அவிழ்த்துவிட்டு ஓட ஒரு அடைத்த இடம் வேண்டும். நாங்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்டு வாங்கினோம், வாட்ச்மேன் அண்ணன் தயவு. அடைக்காத இடத்தில், எவ்வளவு பழகிய நாயானாலும், அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். எங்கள் பக்கம் மயில்கள் அதிகம். ஒரு மயில் எழும்பிப் பறந்தால், மயிலிக்கு நான் யார் என்பதே மறந்துபோகும். அது தேசியப் பறவை என்பதால் சட்டப்படியும் வம்பு.

நீளக் கயிறு கட்டி ஓடவிடலாமே என்று தோன்றும். கழுத்துப்பட்டையில் கட்டி அப்படிச் செய்யவே கூடாது. முழு வேகத்தில் போகிற நாய் கயிறு முடிகிற இடத்தில் சுண்டி நின்றால் கழுத்து முறியலாம். நீளக் கயிறென்றால் நெஞ்சைச் சுற்றி மாட்டும் நெஞ்சுவார் (ஹார்னஸ்) மட்டும்தான்.

மைதானம் கிடைக்காத நாட்களுக்கு என்னிடம் ஒரு வித்தை உண்டு. நாலடி மூங்கில் குச்சி, அதன் முனையில் ஆறடிக் கயிறு, கயிற்றின் நுனியில் வெட்டு மீந்த துணிகளைப் பின்னிய முடிச்சு. கொல்லையில் தரையோடு தரையாக அதை வளைத்து வளைத்து இழுத்தால் முயல் மாதிரியேதான். கம்புக்குப் பயந்த நாய் என்பதால் முதல் மூன்று வாரம் குச்சியில்லாமல் கயிற்றை மட்டும் இழுத்தேன். ஐந்து நிமிடம் போதும். கடைசியில் ஒரு தடவை பிடிக்கவிடுங்கள். பிடிக்கவே விடாவிட்டால் வெறுத்துப்போய்விடும். கூப்பிட்டால் வரப் பழக்குவதும் இதோடு சேர்த்துத்தான்: துணி முடிச்சை ஒளித்துவிட்டு, விசில் ஒரு முறை ஊதி, நான் எதிர்த் திசையில் ஓடுவேன். துரத்துகிற நாய்க்குத் துரத்த ஒன்று கொடுத்தால் வரும். நின்ற இடத்தில் கத்தினால் வராது.

சாப்பாட்டுக்கு வருவோம், அத்தாச்சி காத்திருக்கிறார். பட்டினி கிடந்து வந்த நாய்க்கு முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. பாவம் என்று ஒரேயடியாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மயிலி 13-லிருந்து 17-க்கு வர நான்கு மாதம் ஆயிற்று. இப்போது இரண்டு வேளை: எலும்பில்லாத கோழி, முட்டை, கொஞ்சம் சோறு அல்லது கம்பங்களி, கேரட், பூசணி, தண்ணீர் கலக்காத கெட்டித் தயிர் ஒரு கரண்டி. வெறும் பால்சோற்றில் வளர்த்த காலமும் உண்டு. ஓடுகிற நாய்க்குக் கறி வேண்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். நெஞ்சு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட்டம் கூடாது. வயிறு உப்பித் திருகிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எலும்பு எவ்வளவு தெரியலாம்? கடைசி இரண்டு மூன்று விலாவும், இடுப்பு எலும்பின் முனையும் தெரிவது சரி. தொடைச் சதை உருண்டு கெட்டியாக இருக்க வேண்டும். தொடை குழிந்து, முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். போன மார்கழியில் மயிலி 18.6 காட்டினாள். நான் போடுகிற அளவு மாறவில்லை. பிறகுதான் தெரிந்தது, அத்தாச்சி தினமும் மதில் இடுக்கு வழியாக இரண்டு உளுந்த வடை கொடுத்து வந்திருக்கிறார்.

உடம்புக்கு வருவது பற்றி. நம் ஊரில் பெரிய எமன் உண்ணிக் காய்ச்சல். சாப்பிடாமல் மந்தமாகக் கிடந்தால், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தில் குணமாகும். ஆனால் நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். நடந்து வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். முடி குட்டை என்பதால் கையிலேயே தட்டுப்படும். தோல் மிக மெல்லிசு. கருவேல முள்ளிலோ முள்கம்பியிலோ உரசினால் துணி கிழிகிற மாதிரி கிழியும். மயிலிக்கு இரண்டு முறை தையல் போட்டிருக்கிறோம். மருத்துவர் போட்ட தையலை நான் குறை சொன்னதற்கு அவர் சிரித்தார்.

ஆபரேஷன் என்றால் இது ஓட்டக்கார நாய், உடம்பில் கொழுப்பு குறைவு என்று நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிரேஹவுண்ட் மாதிரி நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகு நேரமாகும். தெளிகிற நேரத்தில் உடம்பு சில்லிட்டுப் போகும் என்பதால் போர்வை கொண்டு போங்கள். மார்கழிக் குளிரும் இவற்றுக்குத் தாங்காது. பழைய சால்வையில் வயிற்றைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு மேல்சட்டை தைத்துவிட்டேன். கழுத்திலிருந்து வாலடி வரை 24 அங்குலம் வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு முடியுமா என்று சந்தேகம் வந்தால், தத்தெடுக்காமல் இரண்டு மாதம் தற்காலிகமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று முகாமில் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், அவர்களுக்கு எப்போதும் இடப் பற்றாக்குறைதான். மயிலியும் எங்களிடம் அப்படித்தான் வந்தாள். இரண்டு மாதம் முடிந்த பிறகு அந்தத் தம்பி ஒரு படிவத்தோடு வந்தான். அதில் ஐந்தாவது வரி: வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல், எங்கும் விடாமல், எங்களிடமே திருப்பித் தர வேண்டும். எந்த முகாமிலும் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லி வாங்குங்கள். நான் கையெழுத்துப் போடும்போது மயிலி மேசைக்கடியில் படுத்திருந்தாள். படிவத்தின் ஒரு மூலையை அவள் மென்றுவிட்டதால் இன்னொரு படிவம் வாங்கி எழுத வேண்டியதாயிற்று.